சுவருக்குள்ளிருந்து பார்த்த கல்யாணம்

நான் ஒருநாள் மன்னிப்புக் கேட்பேன் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். அம்மா வாய்விட்டே கேட்டுப் பார்த்துவிட்டார். மாமா ஜாடையாகக் கேட்டார். அக்காவின் மாமியார் பண்பானவர், எதுவும் கேட்பதில்லை. ஆனால் கிறிஸ்மஸுக்கு என்னைக் கட்டிப்பிடிக்கும்போது, இப்போதாவது ஏதாவது சொல்வேனா என்று ஒரு கணம் பொறுத்திருந்து பார்க்கிறார். இனி யாரும் காத்திருக்க வேண்டாம். அக்காவின் கல்யாணத்தன்று நான் தேவாலயச் சுவருக்குள் தலையை விட்டேன். தலை திரும்பி வரவில்லை. இருந்தும் கல்யாணம் நடந்தது. நடந்தது இவ்வளவுதான். இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

(நெய் விஷயம் கொஞ்சம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெய்யை எடுத்து வந்தது மாமா.)

நான் படித்தது கட்டடக்கலை வரலாறு. அப்பா அதை வெளியில் “ஆர்க்கிடெக்ட்” என்று சுருக்கிச் சொல்லிவிடுவார். அம்மாவுக்குப் பொய் வராது. “வீடு கட்டுற படிப்பில்லை. ஆரோ கட்டின வீட்டை நிண்டு பாக்கிற படிப்பு” என்று வருகிற எல்லோருக்கும் விளக்குவார். அதிலும் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நடுக்காலத்தில் கட்டிய ஊர்த் தேவாலயங்கள். மொன்றியலின் பியர்பொன் பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பிரெஞ்சு பேசும் நகரத்தில், ஆங்கிலேயருடைய ஊர்க்கோயில்களைப் படிக்கிறாள். தமிழருக்கும் பிடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்கும் பிடிக்கவில்லை. ஆங்கிலேயருக்கு விஷயமே தெரியாது. மருந்தாளராகிவிட்ட மச்சாள்மார், “பேந்து என்ன வேலை செய்யப் போறாய்?” என்று கொண்டாட்டங்களில் கேட்பார்கள். நான் பற்றீஸை வாயில் திணித்துக்கொள்வேன்.

அப்படியிருக்கும்போதுதான் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் இருத்தி வைத்து, தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டானியலைக் கட்டப்போவதாகச் சொன்னாள். காலையில் அவர்களுடைய தேவாலயத்தில் ஒரு கல்யாணம், பின்னேரம் மண்டபத்தில் ஐயரை வைத்து நம்முடைய கல்யாணம். அம்மா அழத் தொடங்கினார். அப்பா யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரரின் காரைக் கவனமாகப் பார்த்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“எந்தச் சேர்ச்?”

அக்கா சொன்னாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நகரத் தீவின் மேற்குக் கரையில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்னக் கல் தேவாலயம் அது. முன்னொரு காலத்தில் ஒரே ஆங்கிலக் கிராமத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், பிறந்த ஊர்க்கோயிலை மறக்க முடியாமல், இங்கத்தைச் சாம்பல் கல்லில் அதை அப்படியே திரும்பக் கட்டினார்கள். கட்டையான கோபுரம், மழைக்கு ஒதுங்கக் கல்லிருக்கை போட்ட வாசல் மண்டபம், தோணியைக் கவிழ்த்தது போன்ற மரக்கூரை எல்லாம் அதே மாதிரி. என் படிப்புக்குரிய கட்டடம் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது. அக்கா அதையே கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதுபோல் எனக்கு இருந்தது.

அம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “உனக்குச் சந்தோசமோ?”

“அம்மா, அங்கை பக்கச் சுவர் எவ்வளவு தடிப்பெண்டு தெரியுமோ?”

அம்மா மறுபடி அழத் தொடங்கினார்.

ஆனால் கல்யாணம் நெருங்க நெருங்க அம்மாவுக்கே என் படிப்புத் தேவைப்பட்டது. “எங்கடை ஆக்களுக்கு அங்கை ஒண்டும் விளங்காது. எப்ப எழும்புறது, எப்ப இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. நீதானே உதைப் படிச்சனி. முன்னுக்கு நிண்டு சொல்லிக் குடு.” என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என் படிப்பைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பரீட்சைக்குக்கூட நான் அப்படித் தயாராகவில்லை.

கல்யாணத்தன்று விடிய, நகரின் மறுபக்கம், அஹுன்ட்சிக் பகுதியிலிருந்து தலை அலங்காரம் செய்யும் பெண் ஒருவர் வந்தார். மணப்பெண்ணுக்குச் செய்து முடித்த கையோடு என்னையும் இருத்தி, பொய்முடி வைத்து, பெரிய கொண்டை கட்டி, சுற்றிவர மல்லிகைச் சரம் வைத்து, அதை நிறுத்த ஊசி குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். தலையை ஆட்டினால் உள்ளே இரும்புக்கடைச் சத்தம் கேட்டது. “சூறாவளி வந்தாலும் அசையாது” என்றார் பெருமையோடு. அவர் சொன்னது உண்மை.

எங்கள் ஆட்கள் தேவாலய வாசலுக்கு நேரத்தோடே வந்து சேர்ந்தார்கள். (தமிழர் நேரத்தோடே வந்த ஒரே கல்யாணம் அதுதான். புது இடம் என்ற பயம்.) முன்னால் நின்றவர் அம்மாவின் தம்பி பரமேசு மாமா. எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினேன். அந்தக் காலத்தில் கல்யாணமே இந்த வாசல் மண்டபத்தில்தான் நடந்தது, பிறகுதான் உள்ளே போவார்கள் என்றேன்.

“அப்ப ஏன் இப்ப உள்ளுக்கை வைக்கினம்?” என்றார் மாமா.

“குளிர், மாமா.”

மாமா தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. உள்ளே போனதும் நடுக்கூடத்தைக் காட்டி, இது நம்முடைய மகா மண்டபம் மாதிரி என்றேன். அதற்கப்பால் வளைவைத் தாண்டி இருக்கும் பீடப் பகுதி மூலஸ்தானம் மாதிரி என்றதும் மாமிமார் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று சொல்லித் தடுத்தேன். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றும் சின்னக் கல் தொட்டி ஒன்று இருந்தது. “கோமுகி!” என்றார் மாமா. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. மருந்தாள மச்சாள்மார்கூட வாயைத் திறந்தபடி நின்றார்கள். என்னுடைய படிப்பு அன்று கிட்டத்தட்ட வெற்றி பெற்றுவிட்டது.

அப்போதுதான் எட்வர்ட் வந்தார்.

எட்வர்ட், டானியலின் பெரியப்பா. ஓய்வுபெற்ற வழக்கறிஞர். சின்ன வயதிலிருந்தே அந்தத் தேவாலயத்துக்கு வருகிறவர். அதைத் தன் சொந்த வீட்டு வரவேற்பறைபோல் ஊருக்குச் சுற்றிக் காட்டுகிறவர். நாங்கள் பக்கக் கூடத்தின் கோடியில் நின்றோம். எங்களுக்கும் பீடப் பகுதிக்கும் இடையில் தடித்த கல் சுவர். அந்தச் சுவரில் என் முக உயரத்தில் ஒரு துவாரம், சாய்வாக வெட்டியது. எங்கள் பக்கம் அகலமாகத் தொடங்கி, உள்ளே போகப் போக ஒடுங்கி, மறுபக்கம் பீடத்தை நோக்கித் திறக்கும். ஆங்கிலத்தில் அதற்கு மாறுகண் என்றே பெயர். நான் மாமாவுக்காக அதை ஓரக்கண் துவாரம் என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறக்குமுன் எட்வர்ட் தொண்டையைச் செருமினார். “இதுதான் தொழுநோயாளர் யன்னல். பாவப்பட்ட அந்த மனிதர்களை மற்றவர்களோடு சேர்க்கமாட்டார்கள். இங்கே ஒதுங்கி நின்று, இதனூடாகத்தான் பூசையைப் பார்ப்பார்கள்.”

எங்கள் ஆட்கள் உருகிவிட்டார்கள். “ஐயோ பாவங்கள்” என்றார் ஒரு மாமி. இன்னொரு மாமி கைக்குட்டையை எடுத்தார். நான் இவ்வளவு நேரம் சொன்ன எதற்கும் யாரும் கைக்குட்டை எடுக்கவில்லை.

“இல்லை” என்றேன். வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் கதைக்கும் தொனியில்லை, ஆய்வுக்குழுவுக்கு முன்னால் கதைக்கும் தொனி. “ஒதுக்கி வைத்தவர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே விட்டு, எல்லோருக்கும் நடுவில் ஏன் நிறுத்துகிறார்கள்? இந்தத் துவாரம் உள் சுவரில் அல்லவா இருக்கிறது? மூல ஊர்க்கோயிலில் இந்த ஓரத்தில் ஒரு சின்னப் பீடம் இருந்திருக்கும். இங்கே பூசை செய்கிறவர், அங்கே பெரிய பீடத்தில் பூசை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வெட்டியது.”

பிறகு எங்கள் ஆட்களுக்குத் தமிழில்: “தீபம் காட்டேக்கை தூண் மறைச்சா என்ன செய்வியள்? எட்டிப் பாப்பியள்தானே? அவை சுவரிலை ஓட்டை போட்டவை.”

எட்வர்ட் சிரித்தார். குழந்தை கவிதை சொல்லும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “என் தாத்தா எனக்குச் சொன்னது இது, அன்பே.”

அன்பே! அந்த ஒரு சொல்தான் என்னைச் சுவருக்குள் தள்ளியது. வேறு யாரும் தள்ளவில்லை.

“இதனூடாகப் பார்த்தால் பீடம் மட்டும் கச்சிதமாகத் தெரியும். அதற்கென்றே கோணம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். காட்டுகிறேன்” என்று குனிந்து பார்த்தேன். பீடம் தெரியவில்லை. அலங்காரம் செய்தவர்கள் துவாரத்தின் மறுபக்க விளிம்பில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். கையை விட்டேன், எட்டவில்லை. தோளையும் விட்டேன், விரல் பட்டது. அப்படியே எக்கித் தலையையும் விட்டேன். பூச்சாடி அந்தப் பக்கம் விழுந்தது. (பிளாஸ்டிக். உடையவில்லை.) என் முகம் மறுபக்கம் வெளியே வந்தது. எதிரே பீடம், வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, வண்ணக் கண்ணாடி யன்னலின் கீழ்ப்பாதி. ஓர் அங்குலம் பிசகாமல் நான் சொன்னபடியே.

“தெரியுது!” என்று கத்தினேன். “எல்லாம் தெரியுது!”

கையை இழுத்தேன், வந்தது. தலையை இழுத்தேன். கொண்டை வரவில்லை. முன்னால் போகும்போது சமர்த்தாகப் பணிந்து போன ஊசிகள், பின்னால் வரும்போது மீன்முள்போல் விரிந்து கல் விளிம்பில் கொளுவிக்கொண்டன. போதாக்குறைக்கு இரண்டு ஜிமிக்கிகளும்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சுபா, என்னடி செய்யிறாய்?”

“பாக்கிறன், அம்மா.”

“பாத்தது காணும். வெளியாலை வா.”

“வரேலாது.”

பிறகு மாமா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட சத்தத்தில், பீடத்தடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த குருவானவர் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு பெண். (“பொம்பிளை ஐயரோ?” என்று மாமா முதல் நாளே கேட்டு, விளக்கம் பெற்று, ஏற்றுக்கொண்டிருந்தார்.) சுவரிலிருந்து மல்லிகைப்பூ வைத்த ஒரு முகம் தன்னைப் பார்ப்பதை அவர் கண்டார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. “குட் மோர்னிங்” என்றேன்.

அதற்குப் பிறகு சுவரின் இரு பக்கமும் மாநாடு கூடியது. தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம் என்றார் டானியலின் அம்மா. அவர்கள் வந்தால் கல்லை உடைப்பார்கள் என்றார் யாரோ.

“உடைக்கக் கூடாது!” என்று நானும் எட்வர்டும் ஒரே நேரத்தில் கத்தினோம். அன்று நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அப்பா நேரத்தைப் பார்த்தார். “சென்-மிஷேல் மண்டபத்திலை ஐயர் வந்து நிக்கிறார். இஞ்சை பிந்தினா அங்கை முகூர்த்தம் தவறும்.” அம்மாவின் குரல் உடைந்தது. “ஒரு பிள்ளைக்குக் கலியாணம். மற்றப் பிள்ளை சுவருக்குள்ளை. சனம் என்ன சொல்லும்?”

அதுவரை உள்ளுக்குள் வந்துகொண்டிருந்த சிரிப்பு எனக்கு அந்த நேரம்தான் நின்றது. ஒரு வருடமாக இரண்டு குடும்பங்களையும் இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் துடைத்து, அக்கா இந்த நாளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அதன் நடுவில் நான் என் தலையை வைத்திருந்தேன். கண் கலங்கியது. துடைக்க, வெளியே எடுத்த கை திரும்ப உள்ளே வராது.

வாசலில் கார் நின்றது. செய்தி போய்விட்டது. அக்கா நடுக்கூடத்தினூடாக, மணப்பெண் நடக்கக்கூடாத வேகத்தில், வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பீடப் பகுதிக்குள் வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். அவள் மூக்கு விடைத்திருந்தது. சின்ன வயதில் என் தலைமுடியைப் பிடித்து இழுக்குமுன் அப்படித்தான் விடைக்கும்.

“நோகுதோ?” என்றாள்.

“இழுத்தாத்தான் நோகும்.”

“நான் சொல்றது கேக்குமோ அதுக்குள்ளை?”

“நல்லாக் கேக்குது. நல்லாத் தெரியுது.”

அக்கா குருவானவரின் பக்கம் திரும்பினாள். “தொடங்குங்கோ. இவள் இஞ்சையே நிக்கட்டும்.”

அப்படியே தொடங்கினார்கள். என் முன்பாதி மாப்பிள்ளை வீட்டாருக்கு, பின்பாதி எங்கள் வீட்டாருக்கு. பின்பாதியை ஒரு மாமி சால்வையால் மூடிவிட்டார், சோபாவுக்குப் போர்ப்பதுபோல. அம்மா பின்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்காக அவ்வப்போது நசுக்கினார். பாட்டுப் பாடினார்கள், நானும் பாடினேன். துவாரம் குழல்போல் என் குரலைப் பெருக்கியது. அது எனக்குத் தெரியாது, பிறகு சொன்னார்கள்.

இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று குருவானவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தேவாலயம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

“எனக்கில்லை” என்றேன்.

டானியல்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும். குருவானவர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு நடந்ததை நான் இன்னும் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. வாக்குறுதி சொல்லும்போது மணமக்கள் பீடத்துக்கு அருகே போய்விடுவார்கள். முதுகைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அம்மா, அப்பா, மாமியார், கமராக்காரர், எல்லோருக்கும் வெள்ளை உடுப்பின் பின்பக்கம் மட்டும்தான். அக்கா டானியலின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அது சரியாக என் துவாரத்தின் பக்கம். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நடுவில் ஒரு சொல் தொண்டையில் நின்றது. கீழுதட்டைக் கடித்து, விழுங்கி, திரும்பச் சொன்னாள். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அத்தனை பேர் கூடிய கல்யாணத்தில் அதைப் பார்த்தவர்கள் டானியலும் நானும் மட்டுமே. இதற்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்!

மணமக்கள் கையெழுத்துப் போடப் போனபோது மீட்புப் பணி தொடங்கியது. முன்பக்கம் எட்வர்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு ஊசியாகக் கழற்றினார். அவ்வளவு பொறுமையான கைகளை நான் கண்டதில்லை. வாய்தான் சரியில்லை.

“தொழுநோயாளரின் கஷ்டம் இப்போது உனக்குப் புரிந்திருக்கும்” என்றார்.

“மொன்றியலில் இதைக் கட்டும்போது எந்தத் தொழுநோயாளருக்காகக் கட்டினார்கள்? பார்த்து வரைந்து, அப்படியே கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.”

“தலையை ஆட்டாதே.”

“நீங்கள் கதையை மாற்றாதீர்கள்.”

ஊசிகள் தீர்ந்தும் காதுகள் விடவில்லை. அப்போதுதான் பரமேசு மாமா காருக்கு ஓடினார். பின்னேரம் ஓமத்துக்கென்று பின் இருக்கையில் பத்திரமாக வைத்திருந்த நெய்ப் போத்தலோடு வந்தார். யாரும் தடுக்குமுன் பீடப் பகுதிக்குள் போய், அபிஷேகம் செய்வதுபோல் என் தலையில் ஊற்றினார். “இழுங்கோ!” என்றார். அம்மா இழுத்தார். நான் புளுக்கென்று வந்து அம்மாவின் மடியில் விழுந்தேன். அம்மாவின் கூறைச் சேலை முழுக்க நெய். பொய்முடி மட்டும் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

சென்-மிஷேல் மண்டபத்தில் ஐயர் ஓமத்துக்கு நெய் கேட்டார். மாமா என் தலையைக் காட்டினார். யாரோ மூலையிலிருந்த டெப்பனர் கடைக்கு ஓடிப்போய் வெண்ணெய் வாங்கி வந்து உருக்கினார்கள். அவசரத்தில் உப்புப் போட்ட வெண்ணெய். அக்கினி படபடவென்று வெடித்தது. ஐயர் இருமினார், மாப்பிள்ளை இருமினார், முகூர்த்தம் மட்டும் தவறவில்லை. நான் முன்வரிசையில், பாயாசம் மாதிரி மணத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கல்யாணப் படங்களிலிருந்து என் முகத்தை அழித்துவிடும்படி கமராக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் சுவரில் புதுக் கல் வரைந்து துவாரத்தை அடைத்து அனுப்பினார். நான் அந்த ஸ்டூடியோவுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். என் முகம் போனால் போகட்டும், கட்டடத்தில் இல்லாத கல்லை எப்படி வைப்பீர்கள்? துவாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் முகமும் கூடவே வந்துவிட்டது. இப்போது வரவேற்பறையில் தொங்குவது அந்தப் படம்தான்.

அந்தத் தேவாலயத்தில் வருடத்துக்கு ஒரு தடவை வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டும் நாள் உண்டு. குருவானவர் என்னைக் கூப்பிட்டார், போகிறேன். துவாரத்துக்கு முன்னால் இப்போது ஒரு சிவப்புக் கயிறு. எட்வர்ட் ஒரு கூட்டத்துக்குத் தன் கதையைச் சொல்கிறார், நான் இன்னொரு கூட்டத்துக்கு என் கதையைச் சொல்கிறேன். தேநீர் வேளையில் ஒரே மேசையில் இருந்து சண்டை பிடிக்கிறோம். இருவரில் ஒருவரும் ஓர் அங்குலம் அசைந்ததில்லை.

அக்காவின் மகள் இப்போது கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள். போன மாதம் பிள்ளைகளைக் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, அப்பா, அம்மம்மா, அம்மப்பா எல்லோருக்கும் கையும் காலும் போட்டு வரைந்திருக்கிறாள். ஒரு மூலையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு தலை, அதற்குப் பெரிய சிரிப்பு. இது யாரென்று ஆசிரியை கேட்டாராம். “இது சித்தி. சித்தி சுவருக்குள்ளைதான் இருக்கிறவ” என்று பிரெஞ்சில் சொன்னாளாம். ஆசிரியை கவலைப்பட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். படம் இப்போது அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மா அதைக் கழற்றச் சொன்னார். நான் விடவில்லை. பிள்ளை சுவரின் தடிப்பைக்கூடச் சரியாகக் காட்டியிருக்கிறாள்.